வீடும் வெம்மையும்: யாழ்ப்பாணத்துக் குடியிருப்பு மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாற்சார் வீட்டையே எடுத்துக்காட்டுவர். நடுவே வானந் திறந்த முற்றம், அதனைச் சூழ்ந்த தாழ்வாரம், அப்பால் தடித்த சுவருடைய அறைகள் என அஃது அமைந்திருக்கும். முற்றத்துச் சூடேறிய காற்று மேலெழ, நிழற்புறத்துக் காற்று அறைகளினூடே வந்து சேரும். ஆயின் அது வசதி படைத்தோர் வீடு என்பதை நாம் மறத்தலாகாது.

வறியோர் வாழ்ந்தது மண்சுவரும் பனையோலை அல்லது கிடுகுக் கூரையும் கொண்ட கொட்டிலிலேயாம். அதுவும் குளிர்ச்சியுடையதே. ஓலையடுக்குகளிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. தாழ இறங்கிய கூரை சுவரில் வெயில் படவிடாது. அடுக்களை தனிக் கொட்டிலாக இருந்தமையின், அடுப்பின் வெம்மை உறங்குமிடத்தை அணுகாது. சித்திரை வெயிலிலே செல்வரும் வறியோரும் ஏறத்தாழ ஒத்த நிழலையே துய்த்தனர் எனின் அது மிகையன்று. ஓலைக்குத் தீப்பயம் உண்டு. அடிக்கடி வேய்தலும் வேண்டும். ஆதலின் ஓட்டு வீட்டையும் கல்வீட்டையும் விரும்பிய நம் முன்னோரைப் பழித்தல் தகாது.

இவ்வொப்புமை முற்றாகக் குலைந்தது போரின் பின்னரே எனலாம். 2009இல் போர் முடிந்தபின் மீளக் குடியமர்ந்தோர் பலர்க்கு முதலிற் கிடைத்தவை தகரமும் தறப்பாளுமே. மெல்லிய தகரம் விரைவிற் சூடேறி, அவ்வெம்மையைக் கீழிருப்போர் தலைமீது வீசும். பின்னர் 2012 முதல் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ், வீடொன்றிற்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகளே தம் வீட்டைக் கட்டினர். இவ்வுதவி சிறிதன்று. எனினும் யான் கண்ட வீடுகள் பலவற்றிற் பணம் போதாதபோது முதலிற் கைவிடப்பட்டது தாழ்வாரமே.

2015, 2016ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்கிற்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டன. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அத்தொகையில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்றும், வெயிலில் அதனுள் எங்ஙனம் இருப்பது என்றும் எழுந்த எதிர்ப்பினிடையே அத்திட்டம் நிறைவேறாதொழிந்தது.

மெல்லிய சுவர் பற்றிய இவ்வச்சம் வெறுங் கற்பனையன்று. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் பத்ஹி தம் நூலொன்றிலே, 1964இல் கெய்ரோ நகரில் நிகழ்ந்த சோதனையொன்றை விவரித்துள்ளார். 50 சதமமீற்றர் தடித்த மண்கற் சுவருடைய மாதிரி வீட்டினுள் வெப்பநிலை நாள் முழுவதும் 21 பாகைக்கும் 23 பாகை செல்சியசுக்கும் இடையே நின்றது. 10 சதமமீற்றர் முன்வார்ப்புக் கொங்கிறீற்றுப் பலகைகளாலான வீட்டினுள்ளோ அது 36 பாகைவரை ஏறியது. வெளிக் காற்றிலும் அது 9 பாகை மிகுதியாம்! எகிப்து வறண்ட நாடு. நம் குடாநாட்டில் ஈரலிப்பு மிகுதி. ஆதலின் இங்கே சுவரின் தடிப்பிலும் நிழலும் சோளகக் காற்றுமே பெருந்துணையாவன. அவ்விரண்டையும் தந்த தாழ்வாரத்தையன்றோ நாம் செலவென்று வெட்டினோம்!

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவனொருவன், பரீட்சைக்குப் படிக்கத் தன் பாட்டியாரின் ஓலைக் கொட்டிலுக்குச் செல்வதாகக் கூறினான். புதிய வீட்டிலே மேசையும் மின்விளக்கும் உண்டு; ஆயினும் இரவு பத்து மணிவரை சுவரிற் சாய இயலாது என்றான். அவ்வாண்டே அவன் தந்தையார் கூரைத் தகட்டின் கீழே பனையோலைப் பாய்களைப் பரப்பிக் கட்டினார். மறுமாதம் அவன் தன் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.