முகம் மாறினாலும் பெயர் மாறவில்லை

சங்ககிரிக் கோட்டையைக் காணும்போது, 1805-இல் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையை நினைக்கிறோம். தூக்குக்குத் தப்பியும் வாழ்வை இழந்த ஓர் இளைஞனையும் நினைப்போமாக.

1801-இல் சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் சின்ன மருது தூக்கிலிடப்பட்டார். அவருடைய மகன் துரைசாமிக்கு வயது ஏறக்குறைய 15. அடுத்த ஆண்டு, நாடுகடத்தப்பட்ட 73 பேரில் ஒருவனாகத் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டான்.

மருது குடும்பத்தை அறிந்திருந்த ஆங்கிலப் படை அதிகாரி வெல்ஷ், 1818-இல் பினாங்கில் தளர்ந்த கிழவர் ஒருவரைக் கண்டார். அடையாளம் தெரியாமல், யாரென்று வினவினார். “துரைசாமி” என்று மறுமொழி வந்தது. வயதோ முப்பதைச் சற்றே கடந்திருந்தது.

தகப்பனின் போருக்கு மகனின் வாலிபம் விலையாயிற்று. முகம் மாறிற்று, பெயர் மட்டும் எஞ்சியது. ஆகையால், சிறையிலிருப்போரைக் கைதி என்று மட்டும் எண்ணாமல், பெயர் சொல்லி விசாரியுங்கள்.