கரப்பந்தின் தோலும் யாழ்ப்பாணத்து மண்ணும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவர், தாம் இளமையில் விளையாடிய சனசமூக நிலையத்து இளைஞர்களுக்கென மூன்று கரப்பந்துகள் கொண்டுவந்திருந்தார். மஞ்சளும் நீலமும் கலந்த, சர்வதேசப் போட்டித் தரத்துப் பந்துகள். விலையைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. மாரி தொடங்கித் தை பிறப்பதற்குள் அவற்றில் இரண்டு மேல்தோல் உரிந்து, உள்ளிருக்கும் துணி தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. இளைஞர்களுக்குப் பந்தைப் பேணத் தெரியவில்லை என்று நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானதாக எனக்குப் படவில்லை. அவை மரத்தளம் இட்ட உள்ளரங்குக்கென்று செய்யப்பட்டவை. எங்கள் மைதானமோ செம்மண்ணும் சுண்ணக்கற்பொடியும் கலந்த வெறுந்தரை.

இந்த விளையாட்டின் வரலாறே பொருத்தமான பந்தைத் தேடியதில்தான் தொடங்குகின்றது. 1895இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பணிப்பாளராயிருந்த வில்லியம் மோர்கன், நடுவயதினருக்கென ஓர் இலேசான ஆட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்தைப் பயன்படுத்திப் பார்த்தார். அது கைகளுக்குப் பாரமாக இருந்தது. அதன் உள்ளிருக்கும் பிளாடரை மட்டும் எடுத்துப் பார்த்தார். அது காற்றில் மிதந்து ஆட்டத்தை மந்தமாக்கியது. பின்னர் ஸ்போல்டிங் நிறுவனத்திடம் கேட்டு, இறப்பர்ப் பிளாடரின் மேல் தோல் போர்த்திய தனிப் பந்தொன்றைச் செய்வித்தார். இன்றைய விதிப்படி பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்ரிமீற்றர், நிறை 260 முதல் 280 கிராம். மேலுறை நெகிழ்வான தோலாகவோ செயற்கைத் தோலாகவோ இருக்கலாம்.

இலங்கைக்கு இவ்விளையாட்டை 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாகக் கொண்டுவந்தவர் வோல்டர் கமக். 1991இல் அரசாங்கம் இதனைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. யாழ்ப்பாணக் கிராமங்கள் அந்த அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. ஆவரங்கால், புத்தூர், அச்சுவேலிப் பக்கத்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம், இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து. தோட்டத்தில் இறைப்பு முடித்து வந்தவரும் பாடசாலை விட்டு வந்தவரும் ஒரே அணியில் நிற்கலாம். போட்டி அறிவித்தல்களில் ‘ஓவர்கேம்’ என்றும் ‘செற்றப்’ என்றும் பிரித்துப் போடுவது இன்றும் எங்கள் பக்கத்து வழக்கம்.

நான் சிறுவனாக இருந்தபோது பந்து என்றால் வெள்ளைத் தோற்பந்துதான். புதிதாக இருக்கையில் அதன் வாசனையே தனி. முன்னங்கையில் பட்டால் மெத்தென்று அமர்ந்து எழும். விரல் நுனிகளால் எடுத்துக் கொடுக்கும்போது வழுக்காது. ஆனால் தோல் நீரைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தரையில் நாலு தடவை விழுந்தால் பாரமேறிவிடும். அந்தப் பந்தை ஓங்கி அடித்தவரின் தோள்மூட்டு மறுநாள் அதைச் சொல்லும். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்பதால், நிழலில் உலர்த்தித் தேங்காயெண்ணெய் தடவுவோம். அது சரியான வைத்தியமா என்பது வேறு விடயம்.

1990இன் பின்னர் நிலைமை மாறியது. மின்சாரம் இல்லை, எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. கிளாலிக் கடலைக் கடந்து வரும் பொருட்களில் விளையாட்டுப் பந்தை யார் தேடுவார்? இருந்த பந்தை உயிரோடு வைத்திருப்பதே வேலையாயிற்று. தையல் விட்டால் சப்பாத்துத் தைப்பவரிடம் போகும். காற்றுப் போனால் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, பிளாடரை வெளியே எடுத்து, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதுபோலவே ஒட்டி, மறுபடி தைப்பார்கள். ஒட்டு விழுந்த பக்கம் பாரம் கூடும். பந்து காற்றில் நெளிந்து வரும். அந்த நெளிவைக் கணித்து எடுக்கப் பழகிய ஆட்டக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், காற்றை இறக்கி மடித்த பந்தொன்றைச் சைக்கிள் கரியரில் உடுப்புப் பையுடன் சேர்த்துக் கட்டியிருந்தார் ஓர் இளைஞர். அதை ஏன் எடுத்தாய் என்று அன்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

உலகத்திலோ பந்து வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. 1998 உலக சம்பியன்ஷிப் போட்டிகளில் வண்ணப் பந்து வந்தது. ஹிரோஷிமாவின் மிகாசா நிறுவனம் 2008இல் எட்டுத் துண்டுகளால் ஆன, குழிவுகள் கொண்ட பந்தை அறிமுகம் செய்தது. 2019இல் மீண்டும் பதினெட்டுத் துண்டுகளுக்குத் திரும்பியது. இவற்றின் மேலுறை நுண்ணிழைச் செயற்கைத் தோல். நீரை எளிதில் குடிக்காது, கைக்கு மென்மையானது, பறப்பிலும் ஒழுங்கு. ஆனால் அந்த மென்மையைத் தருகின்ற மெல்லிய மேற்படைதான் எங்கள் சுண்ணக்கல் தரையில் முதலில் தேய்கின்றது.

மலிவான இறப்பர்ப் பந்து நெடுநாள் உழைக்கும். ஆனால் அது கையில் கல்லாக அறையும். அதில் மட்டும் பழகும் சிறுவர்கள் பந்தை முன்னங்கையில் ஏந்தாமல் கையை ஒடுக்கிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் பிறகு போவது கடினம். எனவே பயிற்சிக்கு, தடித்த செயற்கைத் தோலில் தைத்த வெளிமைதானப் பந்துகளே ஏற்றவை என்பது என் எண்ணம். உள்ளரங்குப் பந்தொன்றின் விலைக்கு இத்தகையவை சில கிடைக்கும்.

வாங்குவோர் விலைச்சீட்டுக்கு முன் பந்தைக் கையில் எடுக்கவேண்டும். இரு பெருவிரல்களாலும் அழுத்தினால் சிறிது உள்வாங்கி உடனே மீளவேண்டும். ஈரக்கையால் தடவினால் வழுக்கக்கூடாது. சுழற்றி மேலே எறிந்தால் தள்ளாடாமல் இறங்கவேண்டும். தள்ளாடினால் வால்வுப் பக்கம் பாரம் என்று பொருள். காற்றும் அளவாக இருக்கவேண்டும். சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 முதல் 0.325 கிலோகிராம் என்பது விதி. சைக்கிள் பம்பால் கல்லாகும்வரை அடித்துவிட்டுப் பந்து கைக்கு நோகிறது என்று சொல்வோரும் உளர்.

நண்பர் அடுத்த முறை வந்தபோது வெளிமைதானப் பந்துகள் ஆறு கொண்டுவந்தார். முன்னர் எஞ்சிய அந்த ஒற்றை மஞ்சள் நீலப் பந்து வாசிகசாலை அலுமாரியில், பழைய பத்திரிகைக் கட்டுகளின் மேல் இருக்கின்றது. இறுதிப் போட்டி நாளில் மட்டும் வெளியே எடுக்கிறார்கள்.