டிராஃப்ட்

அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். 'இழு' என்று பொருள்படும் பழைய ஆங்கில வேரில் பிறந்த சொல். வங்கியில் நாம் எடுக்கும் டிமாண்ட் டிராஃப்டிலும் இதே சொல்தான் இருக்கிறது. ஆட்களைப் பொறுக்கிப் பட்டாளத்தில் சேர்ப்பதையும் இப்படித்தான் சொல்வார்கள். விளையாட்டில் வழங்குவது இந்தப் பொருளை ஒட்டியது.

அங்குள்ள தொழில்முறை லீகான என்.எஃப்.எல். இதை முதலில் நடத்தியது 1936-இல். வலுவான அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் சொன்ன யோசனை அது. கடைசி இடத்தில் முடித்த அணிக்கே முதல் வாய்ப்பு. அப்படி முதன்முதலில் அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2000-இல் ஆறாம் சுற்றில், 199ஆவது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியோ லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஏழு முறை வென்றார்.

முதல் சுற்றுப் பெயர்களை வைத்து மட்டும் ஒரு அணியை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைத் தடுப்பாளர்களைப் பின்சுற்றுகளில் பொறுமையாகத் தேடி எடுக்கிற நிர்வாகமே அணியைக் கட்டுகிறது. அடுத்த டிராஃப்டை ஏழாம் சுற்றுவரை பாருங்கள்.