வழியில் எதிர்ப்பட்ட இரு அலைவரிசைகள்

1979 அக்டோபரில் வேல்ஸில் உள்ள பென்கரெக் ஒளிபரப்பு நிலையத்துக்குள் மூன்று பேர் நுழைந்து கருவிகளை நிறுத்தினார்கள். ஒருவர் இறையியல் கல்லூரி முதல்வர், ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியர். மூன்றாமவரான மெரடித் எவான்ஸ் சில ஆண்டுகள் முன்புவரை பிபிசி வேல்ஸின் பொழுதுபோக்குப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். எட்டு ஆண்டுகள் கழித்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில், கொனமாராவின் ரோஸ் முக் என்ற ஊரில் சிலர் உரிமம் இல்லாத ஒளிபரப்புக் கருவி ஒன்றை நிறுவி ஐரிஷ் மொழி நிகழ்ச்சிகளைக் காற்றில் விட்டார்கள். வேல்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஒளிபரப்பை அணைத்ததும், அயர்லாந்தில் இல்லாத ஒளிபரப்பை ஏற்றியதும் ஒரே கோரிக்கைக்காகத்தான்: எங்கள் மொழிக்கு ஓர் அலைவரிசை வேண்டும்.

இரண்டு இடங்களிலும் அது கிடைத்தது. வேல்ஸில் எஸ்4சி 1982 நவம்பர் 1 அன்று தொடங்கியது; அயர்லாந்தில் இன்று டிஜி4 எனப்படும் அலைவரிசை 1996 அக்டோபர் 31 அன்று. பழைய கெல்டிக் நாள்காட்டியில் குளிர்காலம் பிறக்கும் இரவும் அதன் மறுநாள் காலையும் இவை. இரு பெயர்களிலும் உள்ள 4 என்ற எண்ணும் கவனிக்கத்தக்கது. வேல்ஸில் நான்காவது அலைவரிசைக்கான இடமே சட்டப்படி வெல்ஷ் மொழிக்குத் தரப்பட்டது. ஆங்கில நிகழ்ச்சிகள் அதைச் சுற்றி இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தன. அயர்லாந்திலோ 1999-ல் பெயரை மாற்றியபோதுதான் 4 வந்து ஒட்டிக்கொண்டது. வீட்டுத் தொலையியக்கியில் நான்காவது பொத்தானை மக்கள் தமக்கு ஒதுக்கட்டும் என்ற ஆசை அதன் பின்னால் இருந்தது. ஒரே எண் வேல்ஸில் உரிமையையும் அயர்லாந்தில் வேண்டுகோளையும் குறிக்கிறது. பணத்தின் கதையையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் படிக்கலாம்.

வெல்ஷ் மொழிக்குத் தனி அரசு இல்லை. ஐரிஷ் மொழியோ அரசமைப்பின்படி நாட்டின் முதல் ஆட்சிமொழி. ஆகவே ஐரிஷ் அலைவரிசைக்கு உறுதியான வருவாயும் வெல்ஷ் அலைவரிசைக்கு நிலையற்ற வருவாயும் இருந்திருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. நான்காவது அலைவரிசை வெல்ஷுக்கே என்று 1979-ல் கொடுத்த தேர்தல் வாக்குறுதியை லண்டன் அரசு கைவிட்டதும், சுமார் 2,000 பேர் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். பிளைட் கம்ரி கட்சித் தலைவர் குவின்ஃபோர் எவான்ஸ் 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அந்த நாளுக்கு மூன்று வாரங்களுக்கும் குறைவாக இருக்கையில், செப்டம்பர் 17 அன்று அரசு பணிந்தது. அப்படிப் பிறந்த எஸ்4சிக்கு முதலில் வணிகத் தொலைக்காட்சிகளிடம் திரட்டிய பணம் வந்தது. 1990-களில் கருவூலமே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கி, பின்னர் சில்லறை விலைவாசிக் குறியீட்டோடு தொகை தானாக ஏறும் சூத்திரமும் சட்டத்தில் எழுதப்பட்டது. எந்த அமைச்சரின் வாசலிலும் ஆண்டுதோறும் நிற்க வேண்டாம். மொழி அலைவரிசை ஒன்று இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவது கடினம்.

டிஜி4-க்கு இத்தகைய சூத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. பண்பாட்டு அமைச்சராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அந்த அலைவரிசையை முன்னின்று கொண்டுவந்தபோதே, இவ்வளவு குறைந்த பேர் பேசும் மொழிக்கு இவ்வளவு பணமா என்ற கேள்வி நாளிதழ்களில் எழுந்தது. அதன் பெரும்பகுதி வருவாய் ஆண்டுதோறும் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகும் மானியம். அந்தத் தொகை கூடலாம், குறையலாம், அப்படியே நிற்கலாம்.

சட்டத்தால் கட்டிய சுவர் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு 2010 விடை சொன்னது. அந்த அக்டோபரில் லண்டன் அரசும் பிபிசியும் சில நாள்களில் பேசி முடித்த உரிமக் கட்டண உடன்பாட்டில், எஸ்4சியின் செலவும் பிபிசியின் தலையில் வைக்கப்பட்டது. அந்தப் பேச்சு மேசையில் எஸ்4சிக்கு நாற்காலி இல்லை. 10.1 கோடி பவுண்டாக இருந்த ஆண்டு நிதி 2014-15-க்குள் சுமார் 8.3 கோடியாக இறங்கும் என்றார்கள். விலைவாசியையும் கணக்கில் கொண்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெட்டு. சூத்திரம் சட்டத்தில் இருக்கிறதே என்றால், 2011-ல் வந்த பொது அமைப்புகள் சட்டம் அதையும் நீக்கிவிட்டது. கையேந்தத் தேவையில்லாத ஏற்பாடு, ஒரு நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்குள் கையேந்தும் ஏற்பாடாயிற்று.

இரு பயணிகளும் வழியில் எதிரெதிராகக் கடந்துபோவதை இங்கே காண்கிறோம். டிஜி4 பிறந்தது அயர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஈ என்ற பெரிய அண்ணனின் வீட்டில். 2007 ஏப்ரல் 1 அன்று சட்டப்படி தனிக்குடித்தனம் போனது. எஸ்4சி பிறந்தது தனி வீட்டில். 2013 முதல் பிபிசி என்ற அண்ணனின் பணப்பையிலிருந்து வாழத் தொடங்கியது. ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தைக் காக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் பணம் தருபவரும் நிகழ்ச்சி தருபவரும் ஒரே ஆள் என்ற நிலையை எந்த ஒப்பந்தமும் முழுதாகச் சரிசெய்துவிடாது. 2022-லிருந்து கருவூலம் தந்த மிச்சச் சிறு பங்கும் நின்று, அப்போது ஆண்டுக்கு 8.88 கோடி பவுண்டாக இருந்த நிதி முழுவதும் உரிமக் கட்டணத்திலிருந்தே வருகிறது.

அண்ணன்மார் கொடுக்கும் இனாம் நிகழ்ச்சிகளிலும் ஓர் இணை உண்டு. பிபிசி வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேர நிகழ்ச்சிகளை எஸ்4சிக்கு விலையின்றித் தர வேண்டும்; ஆர்டிஈ டிஜி4-க்கு ஆண்டில் 365 மணி நேரம், அதாவது நாளுக்கு ஒரு மணி. 1974 முதல் ஓடும், எஸ்4சியில் வரும் ‘பொபோல் அ கும்’ தொடர் பிபிசியின் தயாரிப்பு. இரண்டு அலைவரிசைகளின் செய்தி அறிக்கையும் அண்ணன் வீட்டுச் சமையல்தான். தன் மொழியில் உலகைப் பார்க்க வேண்டும் என்று போராடிப் பெற்ற அலைவரிசைக்கு, அன்றாட உலகைப் பார்க்கும் கண்ணை மட்டும் கடனாக வாங்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது.

இனி, யாருக்குக் கணக்குச் சொல்வது? வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் உண்டு; 2050-க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதும் வேல்ஸ் அரசுதான். ஆனால் ஒளிபரப்பு அதன் அதிகாரத்தில் இல்லை. எஸ்4சியின் ஆண்டறிக்கை வைக்கப்படுவது வெஸ்ட்மின்ஸ்டரில், தலைவரை நியமிப்பது லண்டன் அமைச்சர், கணக்கைத் தணிக்கை செய்வதும் அங்குள்ள தணிக்கைத் துறை. வெல்ஷ் தெரியாத ஒருவர் கென்ட் மாவட்டத்தில் கட்டும் உரிமக் கட்டணத்திலும் அதற்குப் பங்கு இருக்கிறது என்று பார்த்தால், இது முற்றிலும் அநியாயம் என்று சொல்லவும் முடியவில்லை. அயர்லாந்தில் இந்த முடிச்சு இல்லை: பணம், மொழிக் கொள்கை, தணிக்கை மூன்றும் டப்ளினில். டிஜி4 ஆண்டுதோறும் என்ன செய்வோம் என்று வாக்குறுதிப் பட்டியல் கொடுக்கிறது. செய்ததா என்று ஊடக ஆணையம் சரிபார்த்து, எவ்வளவு பணம் தரலாம் என்று பரிந்துரைக்கிறது. 2018-ல் அன்றைய ஆணையம் உடனே 60 லட்சம் யூரோ கூட்டச் சொன்னது. ஆனால் பரிந்துரை அமைச்சரவையைக் கட்டுப்படுத்தாது. தேர்வு எழுதி முதல் மதிப்பெண் வாங்கினாலும் பரிசு அப்பாவின் சட்டைப்பையைப் பொறுத்தது.

கேள்வி கேட்பவர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் பார்வையாளர் எண்ணிக்கை. 2010 தொடக்கத்தில் சில வாரங்களில் எஸ்4சி ஒளிபரப்பிய 890 நிகழ்ச்சிகளில் 196-க்குப் பார்வையாளர் பூஜ்யம் என்று செய்தி வந்தது. படிக்கச் சுவையான எண். ஆனால் அவற்றில் பெரும்பகுதி குழந்தைகளுக்கான மறுஒளிபரப்பும் சிறு செய்தித் துணுக்குகளும். அளவீட்டு முறையோ நான்கு வயதுக்குட்பட்டவர்களைக் கணக்கெடுப்பதே இல்லை. நாட்டு அளவில் பிடித்த மாதிரிக்குள் ஒரு சிறு மொழியின் குடும்பங்கள் எத்தனை விழும்? பெரிய கண்ணி வைத்த வலையில் நெத்திலி அகப்படவில்லை என்றால் கடலில் நெத்திலியே இல்லை என்று ஆகாது.

டிஜி4 இந்த வலையை வேறு விதமாகக் கையாண்டது. 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் ஏறத்தாழ 18.7 லட்சம்; கல்விக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுவோர் சுமார் 72,000. அந்த 72,000 பேரை மட்டும் நம்பினால் மானியத்துக்கு நியாயம் சொல்ல முடியாது. எனவே ஆங்கில எழுத்துவரிகள், கேலிக் விளையாட்டுகள், அமெரிக்கக் கௌபாய்ப் படங்கள்கூட. வேல்ஸில் 2021-ல் 5.38 லட்சம் பேர் வெல்ஷ் பேசுவதாகச் சொன்னார்கள். வீட்டில் அதைப் பேசி வளர்ந்தவர்கள் அயர்லாந்தைவிட அடர்த்தி. அதனாலேயே 2016-ல் எஸ்4சி சில நாள்களுக்கு ஆங்கில எழுத்துவரிகளைத் தானாகத் திரையில் தோன்றச் செய்தபோது கோபம் கிளம்பியது. அயர்லாந்தில் விருந்தோம்பலாகத் தெரிவது வேல்ஸில் வரம்புமீறல்.

2023 இரண்டு நாட்டுக்கும் சோதனை ஆண்டு. ஜூனில் ஆர்டிஈ தன் நட்சத்திரத் தொகுப்பாளருக்குக் கொடுத்த கூடுதல் பணத்தைச் சரியாக வெளிப்படுத்தவில்லை என்று தெரிந்து, உரிமக் கட்டணம் கட்டுவோர் தொகை சரிந்தது. நவம்பரில் எஸ்4சியில் பணிச்சூழல் குறித்த புகார்களின் பின்னணியில் தலைமை நிர்வாகி நீக்கப்பட்டார். அயர்லாந்தில் சிக்கியது அண்ணன், வேல்ஸில் தம்பியே. டிஜி4-க்கு 2007-ல் போன தனிக்குடித்தனம் அந்தக் கோடையில் பெரிதும் கைகொடுத்தது.

கணக்கில் எங்கே எழுதுவது என்று தெரியாத வரவும் உண்டு. எஸ்4சியின் ‘ஹெத் வின்’, வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் 1994-ல் இடம்பெற்றது. டிஜி4 பங்கேற்ற திட்டத்தில் உருவான ‘ஆன் கலீன் க்யூன்’ 2023-ல். முதலாவது, போரில் மாண்ட ஒரு கவிஞனைப் பற்றியது; இரண்டாவது, அதிகம் பேசாத ஒரு சிறுமியைப் பற்றியது. இரண்டுமே பரிசு பெறவில்லை.

டிஜி4-இன் தலைமையகமான பல்ய நா ஹாவனில் ஒவ்வோர் அக்டோபரிலும் பட்ஜெட் நாளுக்குக் காத்திருக்கிறார்கள். எஸ்4சி குடியேறிய கார்மார்தனில் 2027 டிசம்பர் இறுதியில் பிபிசியின் அரச சாசனம் காலாவதியாவதற்குள் என்ன எழுதப்படும் என்று காத்திருக்கிறார்கள்.