எந்த நிலையிலிருந்து, யாருக்கு? வன்னியின் முன்னேற்றத்தை எழுதும் ஆங்கிலச் சொற்கள்

ஒரு நிலை முன்னையதைவிட நன்றாக உள்ளது என்று சொல்ல ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'இம்ப்ரூவ்மென்ற்', 'டெவலப்மென்ற்', 'ரிஹபிலிற்றேஷன்', 'ரெஸ்ரோரேஷன்', 'ரிகவரி' ஆகிய சொற்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களைப் பற்றி, போர் முடிந்த 2009இன் பின் எழுந்த திட்ட ஆவணங்களில் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே புழங்குகின்றன. இச்சொற்களில் ஒவ்வொன்றும் ஓர் ஒப்பீட்டைத் தனக்குள் வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தக் காலத்தை, எவருடைய வாழ்நிலையை அடிநிலையாகக் கொள்வது என்பதைச் சொல்லே தீர்மானித்துவிடுகிறது. அதனால் சொற்தேர்வைச் சாட்சியம் பற்றிய பிரச்சினையாகவே நான் அணுகுகிறேன். சான்று எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மட்டும் கோரும் சொல்லே சரியான சொல்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைய குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கியது. 1920களின் தொடக்கத்தில் முடிந்த பின்னும், அரை நூற்றாண்டுக்கு மேலாக அணை பல தடவை உயர்த்தப்பட்டது. போருக்குப் பிந்திய வேலைகளில் முழுக் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. இந்த வேலைக்கு எந்தச் சொல் பொருந்தும்? போரின்போது பராமரிப்பின்றிக் கிடந்த கதவுகளையும் வாய்க்கால்களையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த அளவில் 'ரிஹபிலிற்றேஷன்' பொருந்தும். பழைய மட்டத்துக்கு மேல் சேர்ந்த இரண்டு அடியை அச்சொல்லால் சொல்ல முடியாது. அங்கே 'இம்ப்ரூவ்மென்ற்' வேண்டும். ஒரே அணையின் இரு வேலைகளுக்கு இரு சொற்கள் தேவைப்படுகின்றன. ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கும்போது, இழந்ததைத் திரும்பப் பெற்றது எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு என்ற கணக்கு மறைகிறது. போரில் அழிந்ததைத் திருப்பிக் கட்டியதெல்லாம் வளர்ச்சிக் கணக்கில் ஏறிவிடுகிறது. இது வன்னி மக்களுக்குச் செய்யப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த கேள்வி, யாருக்கு என்பது. சுமார் 21,000 ஏக்கர் வயல் இக்குளத்தை நம்பியிருக்கிறது. மாரிகாலப் பயிரான காலபோகத்தில் மழையும் கைகொடுக்கும். வறண்ட காலப் பயிரான சிறுபோகத்தில் ஒரு பகுதிக்குத்தான் நீர் எட்டும்; எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துக் கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் கூடித் தீர்மானிக்கிறார்கள். பொறியியலாளருக்கு முன்னேற்றத்தின் அளவுகோல் குளத்தின் கொள்ளளவு. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருக்கும் கமக்காரருக்கோ சிறுபோக ஏக்கர்தான் அளவுகோல். முன்னது உயர்ந்தால் பின்னதும் உயரும் என்ற உறுதி கிடையாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் வந்த யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் இரணைமடு நீரை யாழ் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணியபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்ததும் இதனால்தான். குடாநாட்டின் தாகம் உண்மையானது. கமக்காரரின் அச்சமும் உண்மையானது. இறுதியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து, 2024இல் திறக்கப்பட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறக்கப்பட்டுத் தாழ்நிலக் கிராமங்கள் நீரில் மூழ்கியபோது மூன்றாவது அளவுகோல் ஒன்றும் வெளிப்பட்டது. அணைக்குக் கீழே குடியிருப்போரின் பாதுகாப்பு அது.

யாருக்கு என்ற கேள்வி புதிதன்று. 'இம்ப்ரூவ்' என்ற வினைச்சொல்லின் வரலாறே நிலத்தோடு தொடர்புடையது. இலாபமாக்குதல் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பொதுநிலத்தை வேலியடைத்து வருமானம் பெருக்கியோரின் கொள்கைச் சொல்லாயிற்று. நிலவுடைமையாளரின் கணக்கேட்டில் அது முன்னேற்றம். அந்நிலத்தில் மாடு மேய்த்தவருக்கு இழப்பு. மேய்ச்சல் தரைக்காக இன்றும் வாதாடும் வன்னிக் கால்நடை வளர்ப்போருக்கு இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

'ரிஹபிலிற்றேஷன்' வேறு வகைச் சிக்கலைத் தருகிறது. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் ஆட்கள், சொத்துகள், கைத்தொழில்கள் மூன்றுக்கும் ஒரே அதிகாரசபையை அமைத்தது. மூன்றுக்கும் ஒரே சொல். அங்கே அச்சொல் இழந்தவருக்கு இழந்ததைத் தருவதைக் குறித்தது. 2009இன் பின் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் தடுத்துவைக்கப்பட்டு உட்படுத்தப்பட்ட நடைமுறைக்கும் அதே பெயர். ஆனால் அங்கே திருத்தப்பட வேண்டியது ஆளே என்பது முற்கோள். தமிழில் இரண்டும் 'புனர்வாழ்வு'. வீடிழந்த தாயும் தடுப்பிலிருந்து வந்த மகனும் ஒரே அறிக்கையில் ஒரே சொல்லின்கீழ் எண்ணப்படும்போது, உதவி எது, கட்டாயம் எது என்று வாசகருக்குத் தெரிவதில்லை.

மீள்குடியேற்றத்தைக் குறிக்கும் 'ரிசெற்றில்மென்ற்' விடயத்தில் சர்வதேச நியமமே வேறுபாட்டைத் தெளிவாக்கியிருக்கிறது. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகள் சொந்த வீட்டுக்குத் திரும்புவதை 'ரிற்றேர்ன்' என்றும், நாட்டின் வேறு பகுதியில் குடியமர்வதை 'ரிசெற்றில்மென்ற்' என்றும் பிரிக்கின்றன. இலங்கையின் நிர்வாக வழக்கு இரண்டையும் பின்னதிலேயே சேர்த்துவிட்டது. 2012 செப்டெம்பரில் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியோரில் முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களுடைய காணிகள் இராணுவத்தின் வசம் இருந்ததால் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். இடம்பெயர்ந்தோர் தொகையில் அவர்கள் கழிக்கப்பட்டனர். ஊர் திரும்பியவர்கள் ஆகவில்லை.

திட்டத்தின் பெயரை நிதியளிப்போர் வைக்கிறார்கள், உத்தியோகத்தர் என்ன செய்ய முடியும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் தலைப்பு மட்டுமே நிதியளிப்போர் வைத்தது. உள்ளே வரும் வினைகளும் செயப்படுபொருள்களும் அறிக்கை எழுதுபவரின் கையில் இருக்கின்றன. 'வாழ்வாதாரம் மேம்பட்டது' என்பதற்குப் பதில், எந்த ஆண்டின் சிறுபோகத்தோடு ஒப்பிட்டு, எந்த வாய்க்காலின் கீழ், எத்தனை ஏக்கர் கூடியது என்று எழுதுவதை எந்தப் படிவமும் தடுக்கவில்லை. 2007இல் வன்னி எப்படி இருந்தது என்ற அடிநிலைத் தரவு பல இடங்களில் போரோடு அழிந்துபோயிருக்கலாம். அந்த இடங்களில் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் முதியோர் நினைவைப் பதிவுசெய்து, அது நினைவே என்று குறித்து, ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டும்.

காணி விடயத்தில் இத்தேர்வு மிகக் கூர்மையாகிறது. 2017இல் தொடங்கிய கேப்பாப்புலவுக் காணி மீட்புப் போராட்டத்தின் பின் கட்டங்கட்டமாகக் கிடைத்த காணிகளை ஆங்கில அறிக்கைகள் 'ரிலீஸ்' என்கின்றன. அகதிகள், இடம்பெயர்ந்தோரின் வீடு, காணி மீளளிப்புப் பற்றிய 2005ஆம் ஆண்டின் பின்ஹெய்ரோ கோட்பாடுகள் வைக்கும் சொல் 'ரெஸ்ரிற்றியூஷன்'; உரியவருக்கு உரியதை மீளளித்தல். இராணுவ வேலி பின்வாங்கியது மட்டுமே நிகழ்ந்த இடத்தில் 'ரிலீஸ்' என்று எழுதுவது நேர்மையானது. அதற்கு மேல் எழுதக் கூடாது. உறுதியும் எல்லையும் சீராகி, இடிந்த வீட்டுக்கும் தூர்ந்த கிணற்றுக்கும் தறித்த தென்னைக்கும் ஈடு கிடைத்த காணிகளை மட்டும் இரண்டாவது சொல்லின்கீழ், தனி நிரலில், தனித் தொகையாகக் காட்ட வேண்டும்.