பன்றி இறைச்சி கற்பித்த பாடம்

சென்னையை அடுத்த படப்பையிலிருந்து வாலாஜாபாத் சாலை வழியே சென்றால் ஒரகடத்தை அடையலாம். ஜெர்மானிய நிறுவனமான டெய்ம்லரின் லாரித் தொழிற்சாலை 2012ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்டது. இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற ஜெர்மானியரின் விருந்து எப்படியிருக்கும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை விருந்தில் பன்றி இறைச்சிக்குத் தனியிடம் உண்டு. தோலுடன் கூடிய பெரிய துண்டில் உப்பும், சீரகம் போன்ற ஒரு விதையும் தடவி, சூட்டடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவிடுவார்கள். உருளைக்கிழங்கு உருண்டைகளும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் உடன் பரிமாறப்படும். நெடுநேரம் வெந்தால் இறைச்சி மிருதுவாகும், தோல் மொறுமொறுப்பாகும். அத்துடன் உயிர் காக்கும் பயன் ஒன்றும் உண்டு. அதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றைக் காண்போம்.

பன்றித் தசையில் சில வேளை அரிசி, பட்டாணி அளவில் வெண்ணிறக் கொப்புளங்கள் தென்படும். மனிதக் குடலிலோ சில மீட்டர் நீளமுள்ள நாடாப்புழு வாழ்வதுண்டு. இரண்டுக்கும் தொடர்பு உண்டென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலோர் நம்பவில்லை. குடற்புழுக்கள் உடலில் தாமாகவே தோன்றுகின்றன என்று கருதியவர்களும் இருந்தனர்.

பிரெடரிக் கூகன்மைஸ்டர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை ஏற்கவில்லை. 1855ஆம் ஆண்டில், மரண தண்டனை பெற்ற கைதி ஒருவரின் உணவில் பன்றி இறைச்சிக் கொப்புளங்களை அவர் கலக்கச் செய்தார். தண்டனை நிறைவேறியபின் குடலை ஆராய்ந்தபோது இளம் நாடாப்புழுக்கள் அங்கே காணப்பட்டன! கொப்புளமே புழுவின் இளம் பருவம் என்பது உறுதியாயிற்று. கைதிக்குத் தெரியாமல் நடந்த இச்சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. அக்காலத்திலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது.

இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் கொப்புளப் புழு மடிந்துவிடும். ஆகவே நன்கு வேகவைப்பதே முதற்காப்பு. இறைச்சியில் மறைந்துள்ள வேறொரு நுண்புழுவும் ஜெர்மனியில் பல உயிர்களைப் பலிகொண்டது. ருடால்ஃப் விர்ச்சோ போன்ற அறிஞர்கள் நுண்ணோக்கியால் இறைச்சியைச் சோதிக்க வேண்டுமென வற்புறுத்தினர். 1900ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் இறைச்சி ஆய்வுச் சட்டம் இயற்றப்பட்டது. கழிவகற்றும் வசதிகளும் பெருகவே, அங்கு நாடாப்புழு அரிதாயிற்று.

'நாங்கள் பன்றி இறைச்சியைத் தொடுவதே இல்லை. எங்களுக்கு என்ன கவலை?' என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் கவனம் தேவை. கொப்புளத்தை உண்டால் குடலில் புழு வளரும். ஆனால் புழுவின் முட்டையை விழுங்கினால், பன்றியின் உடலில் உண்டாகும் அதே கொப்புளம் மனிதன் உடலில் உண்டாகும். அது மூளையில் அமைந்தால் வலிப்பு வரும். முட்டைகள் வெளிப்படுவது குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில்தான். கழுவாத கைகளும் அசுத்த நீரும் பச்சைக் காய்கறிகளும் அவற்றைச் சுமந்து வருகின்றன. ஆகவே சைவ உணவினருக்கும் இந்நோய் வருகிறது.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வலிப்பு நோயாளிகளின் மூளைப் படங்களில் தெரிந்த சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் என்றெண்ணி, நம் நாட்டில் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மருந்து தரப்பட்டு வந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறுவை மருத்துவர்கள் அத்தகைய கட்டிகள் சிலவற்றை அகற்றி ஆராய்ந்தனர். அவற்றுள் பல நாடாப்புழுவின் கொப்புளங்களே எனக் கண்டு, 1989ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். தேவையற்ற மருந்திலிருந்து நோயாளிகள் விடுபட இது வழிகாட்டியது.

அடுப்பின் வெப்பம் இறைச்சி உண்பவரைக் குடற்புழுவிலிருந்து காக்கும். மூளைக் கொப்புளத்திலிருந்து நம் அனைவரையும் காப்பவை கழிப்பறையும், சோப்பிட்டுக் கழுவிய கைகளும், தூய நீருமே ஆகும்.