வேப்பிலை கட்டிய வாசல்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் துரையை எழுதுகிறார்கள், கங்காணியை எழுதுகிறார்கள், சம்பளத்தையும் சங்கத்தையும் எழுதுகிறார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒருவர் நோயில் விழுந்தால் அவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட என் தம்பியைக் கோவிட் காலத்தில் வீட்டில் வைத்துப் பார்த்தபோது, எழுதப்படாத அந்தச் சரித்திரம் எனக்கு அன்றாடம் தேவைப்பட்டது.

1877இல் கடல் கடந்து வந்த ரப்பர்க் கன்றுகளில் சில பேராக்கின் குவாலா கங்சாரில்தான் ஊன்றப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் அந்த மரத்தை நம்பி மலையும் காடும் திருத்தப்பட்டன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் சனங்கள் பினாங்கில் இறங்கினார்கள். தொற்று நோய்க்கு அஞ்சிய அரசாங்கம் அவர்களைப் பக்கத்திலிருக்கும் ஜெரஜாக் தீவின் முகாமில் நிறுத்திப் பார்த்த பிறகே உள்ளே விட்டது. மலாயா மண்ணில் எங்கள் முன்னோர் முதலில் கண்டது ஒரு தனிமை முகாமைத்தான்.

தோட்டத்துக்கு வந்தால் மலேரியா. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கினால் சாவு குறையும் என்று செய்து காட்டினார். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், மருத்துவ வசதி செய்து தரும் கடமையை நிர்வாகத்தின் தலையில் வைத்தது. அப்படி வந்தவர்தான் டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது வருவார். அன்றாடம் புண்ணுக்குக் கட்டுப் போட்டதும் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்ததும் டிரஸ்ஸர்தான். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நிறுத்திக் கொயினா கொடுத்ததை என் பாட்டி சொல்லுவார். அந்தக் கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் நாக்கில் நிற்குமாம்.

1918 அக்டோபரில் இன்புளுயன்சா மலாயா முழுவதும் பரவியபோது இந்த ஏற்பாடுகள் எதுவும் போதவில்லை. தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். அந்தக் காய்ச்சலுக்கு மருந்து யாரிடமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்தி ஒன்றுதான்: எந்த வீட்டில் கஞ்சி காய்ச்ச ஒருவராவது எழுந்து நிற்க முடிந்ததோ, அந்த வீடு பிழைத்தது. எல்லாரும் படுத்துவிட்ட வீட்டுக்கு அடுத்த வாசலிலிருந்து கஞ்சி போனதாம்.

அந்தப் பழக்கத்தின் முழு உருவத்தை நான் அம்மை கண்ட வீட்டில்தான் பார்த்தேன். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். அதைப் பார்த்ததும் கடன் கேட்க வந்தவர்கூடத் திரும்பிப் போய்விடுவார். உள்ளே தாளிப்பு கிடையாது, கவிச்சி கிடையாது. படுக்கையில் வேப்பிலை பரப்பியிருக்கும். ஏற்கெனவே அம்மை போட்டு எழுந்தவர் ஒருவர் மட்டுமே நோயாளியின் அருகில் இருப்பார். பெரும்பாலும் அது ஒரு பாட்டியாக இருக்கும். அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கூலி இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அரிசியும் மோரும் இளநீரும் திண்ணையில் வைத்துவிட்டு, குரல் மட்டும் கொடுத்துவிட்டு நகர்வார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய பிறகே வாசல் திறக்கும்.

இதில் சாமி நம்பிக்கை இருந்தது. நோயைப் பற்றிய கூர்மையான அறிவும் இருந்தது. யார் நெருங்கலாம், யார் கூடாது, எது தின்னலாம், எப்போது வெளியே வரலாம், அதுவரை அந்த வீட்டுக்கு யார் சோறு போடுவது, எல்லாவற்றுக்கும் அதில் விடை இருந்தது. கடைசிக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் விடை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

லயம் கலைந்தபோது இந்த ஏற்பாடும் கலைந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகப் போதும். சனங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும், நகரைச் சுற்றித் தாமான் என்று அழைக்கப்படும் குடியிருப்புகளுக்கும் சிதறினார்கள். வேலியும் இரும்புக் கேட்டும் உள்ள வீடு கிடைத்தது. படுத்தால் கஞ்சி கொண்டுவரும் அடுத்த வாசல் போனது.

அம்மையும் மலேரியாவும் ஓய்ந்த இடத்தில் நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் வந்து உட்கார்ந்தன. மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. அண்ணன் தம்பிக்குள் கொடுத்து வாங்கிய சிறுநீரகம் அது. எண்பதுகளில் இங்கிருந்து பலர் நகையை விற்று இந்தியாவுக்குப் போய்ச் சிறுநீரகம் வாங்கி வந்தார்கள். 1994இல் இந்தியா சட்டம் போட்டு அந்த விற்பனையைத் தடை செய்தது. என் தம்பிக்குக் கொடுத்தவள் அவன் மனைவி. 2019 கடைசியில் அறுவை முடிந்து, கொடுத்தவளும் பெற்றவனும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, அறுவைக்குப் பிறகு நோய் தொற்ற அதிகம் வாய்ப்புள்ள முதல் சில மாதங்களில் அவன் இருந்தான். மாற்றி வைத்த உறுப்பை உடம்பு அந்நியமென்று தாக்காமலிருக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தாழ்த்தி வைக்க வேண்டும். ஊரெல்லாம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக் கஷாயம் காய்ச்சிய நேரத்தில், நாங்கள் அதைத் தாழ்த்தும் மாத்திரையைக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் தவறாமல் எடுத்துக் கொடுத்தோம். அன்போடு வந்த நிலவேம்புப் பொட்டலங்களை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று எடுத்து வைத்தேன். தம்பூன் பம்பிளிமாஸ் ஈப்போவின் பெருமை. எங்கள் வீட்டில் அதுவும் விலக்கு. அந்தப் பழம் அவன் சாப்பிட்ட டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், ஏறினால் புதிய சிறுநீரகத்துக்கே கேடு. அம்மை வீட்டில் தாளிப்பு விலக்கியதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்தப் பத்தியம் கடினமாக இல்லை.

கடைக்குப் போக வீட்டுக்கு ஒருவர், 10 கிலோமீட்டருக்குள் என்று கட்டுப்பாடு இருந்தது. நான் வெளியே போய்வந்தால் அவனுக்கு ஆபத்து. எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் மகன் தன் சாமானோடு எங்கள் காய்கறியையும் வாங்கிக் கேட்டில் தொங்கவிட்டு, “டீச்சர்!” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். நான் துடைத்து, கழுவி, நன்றாக வேகவைத்துக் கொடுப்பேன். கோலாலம்பூர்ப் பரிசோதனைக்குப் போகும் நாளில் சாலைத் தடுப்பில் மருத்துவமனை அட்டையைக் காட்டுவோம். இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை என்பதால் அதைக் கையிலேயே கொண்டுபோவோம். மருந்தை அஞ்சலில் அனுப்பும் சுகாதார அமைச்சின் சேவை பல நடைகளை மிச்சப்படுத்தியது. பார்க்க வரத் துடித்த அத்தைமாரிடம், “வேப்பிலை கட்டியிருக்கு அத்தை” என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அறுவையைச் செய்வது மருத்துவமனை. அதற்குப் பிறகு அந்த உறுப்பை வாழவைப்பது வீடு. அந்த வீட்டைத் தாங்க அக்கம்பக்கம் வேண்டும். தோட்டத்துச் சனங்கள் இதைத் தெரிந்து, ஒரு முறையாகவே வகுத்து வைத்திருந்தார்கள். அதை நடத்தியவர்கள் பால் வெட்டிய பெண்களும் வயதான பாட்டிமாரும். அவர்களுக்கு அதற்காக யாரும் கூலி கொடுக்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறவில்லை.

அடுத்த தொற்றுக்குத் திட்டம் போடுகிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் இருக்கும் வீடுகளுக்குப் பட்டியல் வைக்க வேண்டும். அந்த ஆளுக்குப் பயண அனுமதியும், வீடு தேடி வரும் மருந்தும், வேலையிடத்தில் விடுப்பும் கிடைக்க வழி செய்ய வேண்டும். பேராக்கில் டிரஸ்ஸராக இருந்தவர்களும், அம்மை வீட்டில் துணையிருந்தவர்களும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைப்பேசியை எடுத்து, எதிரே உட்கார்ந்து, கேட்டுப் பதிவு செய்யட்டும். முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: உங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனது யார்?